இரண்டாவது படிக்கட்டு

“இங்க படுங்கக்கா” என்றார் மேடம். சுற்றிலும் கொத்தனார்கள் நின்றிருந்தார்கள். செம்மண் தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு இழுத்து ஒரு முழு வீட்டையே வரைந்திருந்தார்கள். சுவரும் இல்லை, கூரையும் இல்லை, வெள்ளைக் கோடுகள்தான். இது வாசல், இது சமையலறை, இது வீட்டுக்காரரின் வயதான தாயார் படுக்கும் அறை. அந்த அறையில் கட்டிலைப் போட்டால் நடக்க இடம் மிஞ்சுமா என்று பார்க்க வேண்டுமாம். அதற்கு நான் கட்டிலாக வேண்டும். ஆர்க்கிடெக்ட் மேடத்திடம் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கூட்டிப் பெருக்கவும் டீ போடவும்தான் என்னைச் சேர்த்திருந்தார். ஆம்பளைகள் நடுவில் நின்று தண்ணீர் குடிக்கவே கூச்சப்படுகிறவள் நான். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன். மேஸ்திரி சும்மா இருப்பாரா? “ஏம்மா, கோலம் போட்டது பத்தாதுன்னு அதுல ஆள வேற படுக்க வெக்கறீங்களா? முன்னாடியே சொல்லியிருந்தா மாலை வாங்கியாந்திருப்பேனே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கஞ்சி போட்ட கைத்தறிப் புடவையோடு மேடமே அந்த மண்ணில் நீட்டிப் படுத்தார். படுத்தவாக்கிலேயே கையை நீட்டிக் கோட்டைத் தொட்டு, “பாருங்க மேஸ்திரி, எழுந்து பாத்ரூம் போகணும்னா அந்தம்மா இந்தச் சுவத்துல இடிச்சுக்குவாங்க. ஒரு அடி தள்ளிப் போடுங்க” என்றார். அவரே படுத்துவிட்ட பிறகு நான் நின்றுகொண்டிருப்பது மரியாதையாகப் படவில்லை. நானும் படுத்தேன். எனக்கு மேலே வெயில், பக்கத்தில் ஐந்து வருஷம் கல்லூரியில் படித்த அம்மாள். மேஸ்திரி கோட்டை அழித்து ஓரடி தள்ளிப் போட்டார்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன மாதம் ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேடத்துக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். கட்டடத் தொழிலில் இருக்கிறவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் பேசியவர்கள் நேர்மை என்றார்கள், திறமை என்றார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒருவர் மட்டும் முடிக்கும்போது, “பாவம், காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறத் தெரியல. மாறியிருந்தா எங்கயோ போயிருப்பாங்க” என்றார். அவர் வேறு யாரும் இல்லை, மேடத்திடம் ஜூனியராக இருந்து தொழில் கற்றவர். இன்றைக்குப் பெரிய ஆர்க்கிடெக்ட். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பிரியமாகத்தான் பேசினார். “அக்கா, அந்தச் சூளகிரி ஹாஸ்டல் ஞாபகம் இருக்குதா? இப்ப ஓனரோட பையன் பாத்துக்கறாரு. முன்பக்கத்தப் புதுசா பண்றோம். அந்த இரும்புப் படிய எடுத்துடுவோம். ரூல்ஸ்ல அதுக்கு வழி இருக்குது” என்றார். என் இலையில் வைத்த சாதம் அப்படியே இருந்தது. மேடம் போய்ப் பதினாறு நாள்கூட முடியவில்லை, அவருக்காக வைத்த கூட்டத்துச் சாப்பாட்டில் எனக்கு அவர் சொன்ன செய்தி இது. மைக்கை நீட்டி “நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா” என்று கேட்டபோது தலையை ஆட்டி மறுத்தவள் நான். மைக்கில் பேச எனக்கு வராது. ஆனால் அந்தப் படிக்கட்டு என்ன விலை கொடுத்து வந்தது என்று என்னைத் தவிரச் சொல்ல ஆள் இல்லை. ஐந்தாவது வரை படித்த கை இது. மெதுவாகத்தான் ஓடும். ஓடி முடிக்காமல் வைக்கப்போவதில்லை.

மாறத் தெரியாதவராம். நான் சேர்ந்தபோது அந்த ஆபீஸ் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சாய்வான பெரிய பலகைமேல் கண்ணாடி மாதிரித் தாளை விரித்து மசிப்பேனாவால் கோடு போடுவார். தப்பாகிவிட்டால் பிளேடால் மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போடுவார். அந்தத் தாளிலிருந்து நகல் எடுக்கிற மெஷினில் அமோனியா ஊற்ற வேண்டும். அதன் நெடி கண்ணைக் கரிக்கும். அதை ஓட்ட எனக்குச் சொல்லிக் கொடுத்தார். புருஷன் வேலை பார்த்த ஃபேக்டரி மூடி, அவரும் போய்ச் சேர்ந்த பிறகு, சொந்த ஊர் சிங்காரப்பேட்டைக்கே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தவளை ஓசூரில் நிற்க வைத்தது அந்த மெஷின்தான். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஊரில் பாதி ஆர்க்கிடெக்டுகள் அதைத் தொடப் பயந்து பையன்களை வைத்து வரைந்தார்கள். மேடம் தன் பிள்ளை வயசு ஜூனியரின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, “டேய், அத மறுபடியும் காட்டு, இவ்ளோ வேகமா கைய ஓட்டாத” என்று கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். பலகையை விற்றார், பேனாக்களை யாருக்கோ கொடுத்தார். அமோனியா மெஷினை எடைக்குப் போட்ட அன்று எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது. அவர் கைகொட்டிச் சிரித்தார். “இனிமே கண்ணு எரியாதுக்கா” என்றார். இந்த அம்மாளுக்கா மாறத் தெரியாது?

அவர் மாற்றாதது ஒன்றே ஒன்று. கட்டுவதற்கு முன்னால் தரையில் கோடு போட்டு, அதில் குடியிருக்கப் போகிறவர்களை நடக்க வைத்துப் பார்ப்பது. அதனால் ஊரில் அவருக்குக் கோலம் போடுற இன்ஜினியரம்மா என்று பெயர். “நான் இன்ஜினியர் இல்லீங்க, ஆர்க்கிடெக்ட்” என்று ஆரம்பத்தில் திருத்துவார். பிறகு விட்டுவிட்டார். அந்தப் பழக்கம் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தது இல்லையாம். டீ குடிக்கும்போது தன் படிப்பைப் பற்றிச் சொல்வார். முதல் வருஷம் முழுக்கக் கோடு போடத்தான் வைத்தார்களாம். வரைந்ததைச் சுவரில் குத்திவிட்டு எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும். வெளியிலிருந்து வந்த பெரியவர்கள் கேள்வி கேட்பார்கள். பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே கிழித்துப் போடுவார்களாம். “அஞ்சு வருஷமும் எப்படி அழகா கட்டறதுன்னு சொல்லிக் குடுத்தாங்கக்கா. கட்ட வேணாம்னு ஓனர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒருத்தரும் சொல்லித் தரல” என்பார். எங்கள் ஆபீஸுக்குப் பயிற்சிக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகளை முதல் வாரம் கம்ப்யூட்டரைத் தொட விடமாட்டார். கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் போய் நிற்கச் சொல்வார். ஷிஃப்ட் முடிந்து இறங்குகிறவர்கள் எப்படி நடக்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், பை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வர வேண்டும். ஒரு பெண் பிள்ளை வந்து, “மேடம், நாங்க படிக்கறது ஆர்க்கிடெக்சர், பஸ் கண்டக்டர் வேலை இல்ல” என்று சண்டை போட்டாள். “கண்டக்டருக்கு எத்தன பேரு ஏறுனாங்கன்னு தெரியும். உனக்கு?” என்று கேட்டார். அந்தப் பெண் கோபித்துக்கொண்டு போனாள். ஆனால் பஸ் ஸ்டாப்புக்குத்தான் போனாள்.

சூளகிரியில் தொழிற்பேட்டை பெருகியபோது வந்தது அந்த ஹாஸ்டல் வேலை. ஓனர் அந்தப் பக்கத்து விவசாயி. நிலத்தில் பாதியைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தில், கம்பெனியில் வேலை செய்கிற பெண்களுக்குத் தங்கும் விடுதி கட்ட நினைத்தார். வேலைக்கு ஆள் வராத ஊரே இல்லை. திருநெல்வேலி, ராமநாதபுரம், ஒடிசா என்று பெண்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம். ஒவ்வொரு மாடியிலும் நடுவில் நீளமாக ஒரு நடைவழி, இரண்டு பக்கமும் அறைகள். ஓனர் நடைவழியின் ஒரு கோடியில் மட்டும் படிக்கட்டு கேட்டார். இன்னொரு கோடியிலும் படி வேண்டும் என்றார் மேடம். வாயால் சொன்னால் அவர் கேட்கவில்லை. மறுநாள் அந்தப் புஞ்சைக் காட்டில் ஒரு மாடியின் வரைபடம் அப்படியே சுண்ணாம்பில் விரிந்தது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்களைக் கெஞ்சிக் கூட்டிவந்து அறை அறையாக நிற்க வைத்தார். “நான் கை தட்டுனதும் எல்லாரும் படிக்கு வரணும். சுவத்த மிதிக்கக் கூடாது” என்றார். கை தட்டினார். முதலில் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள். படிக்கட்டு என்று வரைந்திருந்த இடத்துக்கு வந்ததும் முன்னால் நின்றவளால் திரும்ப முடியவில்லை, பின்னால் வந்தவளால் நிற்க முடியவில்லை. யாரோ யாருடைய காலையோ மிதித்தார்கள். சிரிப்பு நின்றுபோய் “ஏய் தள்ளாதடி, தள்ளாத” என்று ஒருத்தி நிஜமாகவே கத்தினாள். இன்னொருத்தி அறுந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். சுண்ணாம்புச் சுவரெல்லாம் கலைந்து போயிற்று. ஜூனியர் முணுமுணுத்தார்: “மேடம், இதெல்லாம் சாஃப்ட்வேர்லயே காட்டலாம்.” மேடம் திரும்பிப் பார்த்தார். “சாஃப்ட்வேர்ல செருப்பு அறுமா?” என்றார். ஓனர் கலைந்த கோடுகளைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு, “சரிம்மா, ரெண்டு படியே போட்டுக்கலாம்” என்றார். அப்படியே வரைந்து, அப்படியே அனுமதியும் வாங்கினார்கள். அறுந்த செருப்புக்கு மேடம் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாப் பக்கத்திலும் இருக்கும் என்று நினைக்கிறேன். அனுமதிக்கு ஒரு பிளான், கட்டுவதற்கு ஒரு பிளான். அதைத் தப்பென்றுகூட யாரும் நினைப்பதில்லை. “அது ஆபீஸுக்கு, இது நமக்கு” என்பார்கள். மேடத்திடம் ஒரே பிளான்தான். அது பிடிக்காமலே நிறைய ஓனர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டு போனார்கள். ஹாஸ்டல் பாதி எழும்பியிருந்தபோது மேடத்துக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று பெங்களூரில் ஆபரேஷன் ஆயிற்று. திரும்பி வந்து தேறி எழுந்திருக்கச் சில மாதங்கள் பிடித்தன. அந்த மாதங்களில் ஜூனியர்தான் எல்லாவற்றையும் பார்த்தார். கட்டடம் முடிந்தது. முன்பக்கம் நீலக் கண்ணாடி பதித்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார். இரண்டாவது படிக்கட்டு வர வேண்டிய இடத்தில் எல்லா மாடியிலும் அறை வந்திருந்தது.

கட்டி முடித்த பிறகு, வரைந்தபடியேதான் கட்டியிருக்கிறது என்று ஆர்க்கிடெக்ட் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் கம்பெனி தன் ஆட்களைக் குடிவைக்காது. மேடத்தின் முத்திரை பீரோவில் இருந்தது. பீரோச் சாவி என் இடுப்பில் இருந்தது. ஒரு நாள் மதியம் ஓனரும் ஜூனியரும் சேர்ந்து வந்தார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். “அக்கா, அந்த சீல மட்டும் எடுத்துக் குடுங்க. கையெழுத்த நான் பாத்துக்கறேன்” என்றார் ஜூனியர். மேடம் வந்து பார்த்துவிட்டுப் போடட்டும் தம்பி என்றேன். “அவங்க படுத்திருக்காங்க. இதுக்குப் போய்த் தொந்தரவு பண்ணுவீங்களா? ஒரு பக்கம் படி வரல, ரூம் வந்திருக்குது, அவ்ளோதான் வித்தியாசம். நாம போடலன்னா இன்னொருத்தன் போட்டுட்டுப் போறான்.” அவர் குரலில் கெட்ட எண்ணம் இல்லை. அவருக்கு அது நியாயமாகவே பட்டது, அதுதான் எனக்கு பயமாக இருந்தது. நாற்காலியை இழுத்து பீரோவுக்கு முதுகு கொடுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஓனருக்குக் கோபம் வந்தால் தெலுங்குக்கு மாறிவிடுவார். ஜூனியர் பக்கம் திரும்பி, “ஈ முசல்தி இவ்வதய்யா” என்றார். இந்தக் கிழவி கொடுக்கமாட்டாள் என்கிறார். அப்போது எனக்கு முடிகூட முழுக்க நரைக்கவில்லை. எங்கள் லைன் வீட்டில் முக்கால்வாசிப் பேர் தெலுங்கு பேசுகிறவர்கள். எனக்கு எப்படிப் புரியாமல் போகும்? தலையை நிமிர்த்தாமலே “இவ்வனு” என்றேன். கொடுக்கமாட்டேன். அவ்வளவுதான். ஓனர் வாய் திறந்தபடி என்னையே பார்த்தார். கொடுத்த டீயைக் குடிக்காமல் இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு டம்ளர்களைக் கழுவினேன்.

மேடத்திடம் சொன்னபோது அவர் என்னைப் பாராட்டவெல்லாம் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, “ஆட்டோ கூப்பிடுங்கக்கா” என்றார். நேராகச் சூளகிரி. மாடிக்கு மாடி ஏறிப் பார்த்தார். நீலக் கண்ணாடியை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஜூனியர் எதிரிலேயே நின்று, “மேடம், இப்ப ஆர்க்கிடெக்ட் வேலையே மாறிப்போச்சு. ஓனருங்க போன்ல ஒரு படத்தக் காட்டறாங்க, நாம அதக் கட்டித் தர்றோம், கையெழுத்துப் போடறோம். முன்ன மாதிரி நாம சொல்றது நடக்காது” என்றார். மேடம் கத்தவில்லை. “கையெழுத்துக்கு மட்டும்தான் நாம தேவைன்னே வெச்சுக்கோ. அப்ப அதயாவது நாம பொய்யா போடாம இருக்கணும், இல்லையா?” என்றார். அந்த மாதமே ஜூனியர் தனி ஆபீஸ் போட்டுக்கொண்டு போனார்.

ஓனர் பல பேரிடம் அலைந்தார். ஒருவர் வரைந்து அனுமதி வாங்கிய கட்டடத்துக்கு இன்னொருவர் நடுவில் வந்து கையெழுத்துப் போடத் தயங்கினார்கள். அதுவும் மேடம் போடமாட்டேன் என்று சொன்னது ஊருக்கே தெரிந்த பிறகு. கடைசியில் எங்கள் மாடிப்படி ஏறி அவரே வந்தார்.

“கட்டடம் முடிஞ்சுபோச்சும்மா. இடிக்கவா சொல்றீங்க?”

“இடிக்க வேணாம். அந்தக் கோடி ரூம்ல கொஞ்சம் ஒதுக்கிக் கதவு வெச்சு, வெளிப்பக்கமா இரும்புல படி போடலாம். நானே வரைஞ்சு, மாத்துன பிளானுக்கு அனுமதியும் வாங்கித் தர்றேன். அதுக்கு எனக்கு ஒண்ணும் தர வேணாம்.”

“அது ரோட்டுப் பக்கமாச்சே! கண்ணாடியெல்லாம் போட்டு எவ்ளோ ஷோக்கா வெச்சிருக்கறேன். மூஞ்சில தழும்பு மாதிரி இருக்கும்.”

“இருக்கட்டும்.”

“ஆர்க்கிடெக்டுன்னா அழகு பாக்கறவங்கன்னு சொன்னாங்களே.”

“பாத்துட்டுத்தான் சொல்றேன்.”

அவர் எழுந்து போனார். ஒரு வாரம் கழித்து வெல்டிங்காரரை அனுப்பினார். அந்தப் படியை மேடம் கையாலேயே வரைந்தார், கம்ப்யூட்டரில் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. பொருத்திய அன்று கூடப் போயிருந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று காலால் ஓங்கி உதைத்துப் பார்த்தார். ஆடிய ஓரிடத்தில் இன்னொரு கம்பி வைக்கச் சொன்னார். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார். முத்திரையை நான் எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸுக்குப் பெரிய வேலை வரவில்லை. அந்தம்மாவிடம் போனால் இழுத்தடிப்பார்கள் என்று பேச்சு. ஹார்டுவேர் கடை மாடியைக் காலி செய்து மேடம் வீட்டின் முன்னறைக்கு வந்தோம். அங்கேயும் ஆட்கள் வந்தார்கள். போனில் படத்தை வைத்துக்கொண்டு, “பிளான் எங்ககிட்டயே இருக்குது, கையெழுத்து மட்டும் போதும்” என்பார்கள். அவர் உட்கார வைத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், முட்டிவலி யாருக்கு, சமைப்பது யார் என்று கேட்க ஆரம்பிப்பார். பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேருக்குச் சின்னச் சின்ன வீடுகள் கட்டிக் கொடுத்தார். கடைசி வரை அதுதான். மேடையில் பேசியவர்கள் அவர் கட்டியதில் பெரியது எது என்று தேடினார்கள். பள்ளிக்கூடத்தைச் சொன்னார்கள், ஒரு கல்யாண மண்டபத்தைச் சொன்னார்கள். அந்த இரும்புப் படியை ஒருவரும் சொல்லவில்லை. எந்தப் புத்தகத்திலும் அதற்குப் படம் போடமாட்டார்கள். துருப் பிடித்தது, கோணலாகத் தெரிவது, ரோட்டில் போகிறவர்கள் இது எதற்கு இங்கே என்று பார்ப்பது. ஆர்க்கிடெக்டின் வேலை இப்போது என்ன என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன். படம் இனிமேல் யார் வேண்டுமானாலும் போடலாம், மெஷினே போடுகிறது. இது இல்லாமல் கையெழுத்து இல்லை என்று சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். அவர் சொன்னார். தன் பிழைப்பைக் கொடுத்துச் சொன்னார். அதற்குப் பெயர் மாறத் தெரியாமை என்றால், மாறத் தெரிந்தவர்கள் கட்டிய வீட்டில் நான் ஒரு நாளும் படுக்கமாட்டேன்.

கூட்டம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சூளகிரிக்குப் பஸ் ஏறினேன். படிக்கட்டு இருந்தது. மேலிருந்து கீழ் வரை பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தலை காயவைத்துக்கொண்டு, ஒருத்தி போனில் அழுதுகொண்டு, ஒருத்தி இன்னொருத்திக்குப் பேன் பார்த்துக்கொண்டு. கைப்பிடியெல்லாம் துணி. வாட்ச்மேன் வந்தார்.

“யாரப் பாக்கணும்மா?”

“படிய.”

“என்னாது?”

“படியப் பாக்கணும்ப்பா.”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் இவ்வளவு தூரம் வந்தாயிற்று. கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தவளிடம் சொன்னேன். இதை எடுக்கப் போகிறார்கள் என்றேன். உள்ளே வழி அடைத்துக்கொண்டால் நீங்கள் இறங்குவதற்காகப் போட்டது என்றேன். சுண்ணாம்புக் கோட்டில் நடந்த பெண்களை, அறுந்த செருப்பை, மேடத்தின் வயிற்றுத் தையலை, எல்லாவற்றையும் சொன்னேன். நான் வாழ்நாளில் அத்தனை பேர் முன்னால் பேசியதில்லை. பேசப் பேச மேல்படிக்காரிகளும் இறங்கி வந்தார்கள்.

“எடுத்தாக்கா டவர் எங்க கிடைக்கும்? ரூமுக்குள்ள போனே எடுக்காது” என்றாள் ஒருத்தி. துணி எங்கே காயப்போடுவது என்றாள் இன்னொருத்தி. எதற்காகவோ, அவர்களுக்கு அது வேண்டும். எனக்கு அது போதும். தெற்கத்திப் பேச்சுப் பேசுகிற ஒருத்தி மட்டும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். “நாலு மாடியும் சேந்து வார்டன்ட்ட போவோம். படிய எடுத்தா ஹாஸ்டல்ல இருக்க மாட்டோம்னு சொல்லுவோம். கம்பெனிக்கு ஆள் வேணும்லா?” என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, “அந்த அம்மா பேரு என்ன பாட்டி?” என்று கேட்டாள். சொன்னேன். மறக்காமல் இருக்க ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். “எடுக்க வரட்டும். நாங்க பாத்துக்கிடுதோம்” என்றாள்.

வெளியாட்கள் ஏறக் கூடாது என்று வாட்ச்மேன் பின்னாலிருந்து சொன்னார். நான் ஏறினேன். அவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. முழங்காலை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டார்கள். அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் என் தோள் ஒருத்தி மேலும் இடிக்காமல் உச்சி வரை போக முடிந்தது.